பிசிறு தட்டுகிறதா

பேகம்பூர், திண்டுக்கல்
வியாழக்கிழமை காலை

அன்பு மகன் ஃபாரிஸுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நன்றாக இருக்கிறேன், வீடு நன்றாக இருக்கிறது, குர்பானிக்கு வாங்கிக் கட்டியிருக்கிற ஆடும் நன்றாகத் தின்று நன்றாக இருக்கிறது. உன் அத்தா நன்றாக இருக்கிறாரா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. நீ ஒசாகாவில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். தினமும் வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா எதற்காகத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நீ பயந்து போவாய். பயப்படாதே என்று எழுதத்தான் வந்தேன், ஆனால் எனக்கே உள்ளுக்குள் திக்குத்திக்கென்று இருக்கிறது, உனக்கு எப்படி அதைச் சொல்வது. விஷயம் என்னவென்றால், நெட் இருக்கிற போன் வீட்டில் ஒன்றுதான், அது உன் அத்தா கையை விட்டு இறங்குவதே இல்லை. நான் அடுப்படியில் கிசுகிசுத்தால்கூட வாசலில் இருந்து என்னடி அங்கே என்று கேட்கிற பாம்புக் காது அவருக்கு. அதனால் அடுத்த வீட்டு மணிமேகலை டீச்சரிடம் பேசி வைத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் டீச்சர் தன் போனில் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்புவார்கள். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், பெரிதுபண்ணிப் படித்துக்கொள்.

இப்போது அத்தா பின்கட்டில் குழாயடியில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து, நீ கொண்டுவந்து கொடுத்த கல்லில் குர்பானிக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். சர்ர் சர்ர் என்று சத்தம் வருகிறது. அந்தச் சத்தம் வருகிறவரை அவர் உள்ளே வரமாட்டார், அதுவரை நான் எழுதலாம். அரிசி டிரம் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வெயிலைக் கேட்காதே, அக்னி நட்சத்திரம் போகிற போக்கில் இருக்கிற தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகிறது, மாநகராட்சித் தண்ணீர் வந்து எத்தனையோ நாளாகிறது. இருக்கிற தண்ணீரில் பாதி அந்தக் கல்லை ஊறப்போடத்தான் சரியாக இருக்கிறது. குமிழி நிற்கிறவரை கல் ஊற வேண்டுமாம், என் அரிசி களைகிற சட்டியில்தான் ஊறுகிறது. கேட்டால், உன் மகன் கொண்டாந்த கல்லு, உன் சட்டியில ஊறாம ஊர்ச் சட்டியிலயா ஊறும் என்கிறார்.

கத்தி தீட்டக் கற்றுக் கொடுக்கிற அந்த வீடியோவை நான் குறை சொல்ல மாட்டேன் அப்பு, கல்லையும் குறை சொல்ல மாட்டேன். நீ லீவுக்கு வந்திருந்தபோது கல்லையும் கொடுத்து அந்த வீடியோவையும் போனில் ஏற்றிக் கொடுத்தாயே, நீ விமானம் ஏறுகிறவரை அத்தா அதைத் தொடவே இல்லை. கத்தி தீட்டறதுக்கு எல்லாம் படமாடா என்று உன்னிடம் சொன்னது நினைவிருக்கும். பிறகு ஒரு நாள் மத்தியானம் சும்மா போட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்த மொட்டைத்தலை மனுஷன் நீல ஏப்ரன் கட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசுகிறான், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு எழுத்து புரியவில்லை, ஆனாலும் எல்லாம் புரிந்தது. அவன் முகத்தைக் காட்டுவதே கொஞ்சம்தான், கையைத்தான் காட்டுகிறான். கத்தி கல்லில் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும், விரல் எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கிட்டத்தில், நிதானமாக, நம் எதிரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிற மாதிரி. கத்தியின் ஓரம் முழுக்கக் கறுப்பு மார்க்கரால் மை பூசிவிட்டு ஒரு இழுப்பு இழுக்கிறான், மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் பட்டிருக்கிறது, போகாத இடத்தில் படவில்லை. உன் அத்தா அதைப் பார்த்துவிட்டு, அடேயப்பா, இம்புட்டு அறிவாடா உனக்கு என்று போனைப் பார்த்தே கேட்டார். அன்றைக்கே டீச்சர் வீட்டுக்குப் போய் மார்க்கர் பேனா வாங்கி வந்தார், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

முதலில் என் வெங்காயக் கத்தியைத் தீட்டினார். அவன் எத்தனை இழுப்பு இழுத்தானோ இவரும் எண்ணி அத்தனை இழுப்பு. மாஷா அல்லாஹ், தக்காளியை வைத்தால் கத்தியின் கனத்திலேயே இறங்குகிறது. அப்புறம் டீச்சர் வீட்டுக் கத்தி, அப்புறம் தள்ளுவண்டியில் காய் கொண்டுவருகிற கருப்பம்மாளின் பூசணி கீறுகிற கத்தி. கருப்பம்மாள் மறுநாள் வந்து, ஏங்க பாய், கத்தியக் கொடுத்தா பிளேடாக்கிக் கொடுத்துட்டீக, பூசணிய வெட்டப் போயி சாக்கையும் சேத்து வெட்டிட்டேன் என்று சண்டைக்கு வந்துவிட்டு அரைக் கிலோ கத்தரிக்காயைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள். அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூட்டு வலி என்று தோல் மண்டிக்குத் தரம் பிரிக்கப் போவதை நிறுத்திவிட்டு வீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்த மனுஷன் இப்படி எழுந்து நடமாடுகிறாரே, என் பிள்ளை நல்ல காரியம் பண்ணினான் என்று நான் உன்னை நினைத்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

பிறகுதான் பீரோ மேலிருந்து குர்பானிக் கத்தியை இறக்கினார். வருஷா வருஷம் நம் வீட்டு ஆட்டை அவர்தான் பிஸ்மி சொல்லி அறுப்பார், உனக்குத் தெரியாததா. கத்தி நல்ல கூராக இருக்க வேண்டும், ஒரே இழுப்பில் முடிய வேண்டும், ஆட்டுக்கு வேதனை தெரியக் கூடாது என்பதில் அவர் ரொம்பக் கறார். ஆட்டின் கண் முன்னால் தீட்டவும் கூடாது. அதனால் கல் வெளியே வருகிறபோதெல்லாம் ஆடு பின்கட்டிலிருந்து வாசலுக்குப் போக வேண்டும். செம்பட்டியில் கருப்பணனிடம் வாங்கிய ஆடு, தோட்டத்தில் வளர்ந்தது, சும்மா நிற்குமா. டீச்சர் வீட்டு கேட்டில் கட்டிப்போட்டதில் அவர்கள் வீட்டு நந்தியாவட்டைச் செடி மொட்டையாகிவிட்டது. டீச்சர் தங்கமான மனுஷி, திங்கட்டும்க்கா, இன்னும் எத்தன நாளைக்கு என்கிறார்கள்.

இந்தக் கத்தி நீளம், வீடியோவில் உள்ளது குட்டை. அதனால் இழுப்பை எண்ணுவது உதவாதே, என்ன செய்வது என்று உன்னிடம் போனில் கேட்டார். நீதான் சொன்னாய், ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்க ஓரத்தில் நூல் மாதிரிப் பிசிறு எழும்பும் அத்தா, கட்டைவிரலால் ஓரத்துக்கு வெளியே தடவினால் தட்டும், தட்டினால் திருப்பிப் போட்டு மறுபக்கம் தீட்ட வேண்டும் என்று. அன்றைக்குப் பிடித்தது சனியன். தீட்டுகிறார், தடவுகிறார், தலையை ஆட்டுகிறார், மறுபடியும் தீட்டுகிறார். அந்த மொட்டைத்தலையன் விரலை ஓரத்தில் தடவிவிட்டு ம்ம் என்று தலையசைக்கிற இடம் இருக்கிறதே, அதை மட்டும் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வரேன் என்பார், வரமாட்டார். ஒரு வாரத்தில் கத்தி ஒரு பக்கமாக இளைத்தே போய்விட்டது. கேட்டால், கல்லு சரியில்லடி, ஃபாரிஸை எவனோ நல்லா ஏமாத்திட்டான், பிசிறே எழும்ப மாட்டேங்குது என்றார். உன்னிடமும் வேறு கல் அனுப்பச் சொன்னார், நீயும் பாவம் எந்த நம்பர் கல் அத்தா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு பொருளைத் தொட்டுப்பார்த்துச் சொல் என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை. நான் எடுக்கிற சேலையைக்கூட அவர் தடவிப்பார்த்துவிட்டு, இது ரெண்டு தொவைக்குத் தாங்காது என்பார், தாங்காது. தோலைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி, இது வெள்ளாடு, இது செம்மறி, இந்த இடத்தில் கத்தி பட்டிருக்கிறது என்று சொல்கிற கை. அந்த மனுஷன் கத்தியை என் பக்கம் நீட்டி, செத்த தடவிப் பாரு, தட்டுதா என்றார். தடவினேன். அல்லாஹ் அறிய, தட்டியது ஃபாரிஸ். புதுச் சட்டியின் விளிம்பு போல, நுனி முதல் அடி வரை, சொரசொரவென்று நன்றாகத் தட்டியது. அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போன அன்றைக்கு நீ நின்றாயே, அப்படி நின்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, எனக்கும் ஒண்ணும் தட்டலையே என்று சொல்லிவிட்டேன்.

அந்த முகம் எப்படி மலர்ந்தது என்று உனக்குச் சொல்ல முடியாது. நான்தான் சொன்னேன்ல, கல்லு தான் சரியில்ல என்றார். அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார், கருவாட்டுக் குழம்பு நல்லாருக்குடி என்றார், நான் வைத்தது சாம்பார்தான், சும்மா கிண்டல். சாப்பிட்ட கையோடு மண்டியை நடத்துகிற அல் அமீனுக்குப் போன் போட்டு, தம்பி, மூட்டு வலி தேவலை, பக்ரீத் தோலு வந்து எறங்கட்டும், இந்த வருஷமும் நான்தான் தரம் பிரிப்பேன் என்று சொல்லிவிட்டார்.

நேற்று அத்தா அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து அல் அமீன் வீட்டுக்கு வந்தான். கையில் மாம்பழம். ரொம்ப நேரம் ஆட்டைப் பற்றியே பேசினான். பிறகு சொன்னான், மாமு கை பட்டுப் போன தோலு திரும்பி வந்ததே கிடையாது மாமி, ரமலானுக்கு முந்திதான் வாங்குனவங்ககிட்ட இருந்து ஒரு கட்டு திரும்பி வந்துச்சு, கத்தி பட்ட தோலெல்லாம் மொதத் தரத்துல கெடந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லல, மாமுவே அந்தத் தோல எடுத்துத் தடவித் தடவிப் பாத்தாரு, ஓட்டையில வெரலு போயி வெளிய வந்துச்சு, அதப் பாத்துட்டுத்தான் அவருக்கே தெரிஞ்சுது, மறுநாள்ல இருந்து மூட்டு வலின்னுட்டாரு என்றான். சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் போன பிறகு எனக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றின டீ டம்ளரை அப்படியே வெறும் கையால் தூக்குவார், நான் சுடாதா என்றால் சிரிப்பார். சட்டைப் பொத்தான் போட என்னைக் கூப்பிடுவார், வயசான காலத்தில் கொஞ்சல் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் பள்ளியிலிருந்து ஒரு கால் செருப்போடு வந்தார், இன்னொரு செருப்பு நாகல் நகர் பாலத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ கழன்று கிடந்திருக்கிறது, கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. நான் வேறு விழுந்து விழுந்து சிரித்தேன். சர்க்கரை இருக்கிறவர், மாத்திரை போடுகிறாரே என்று இருந்துவிட்டேன், ரத்தம் பார்க்கக் கூப்பிட்டால் பக்ரீத் கழியட்டும், மழை வரட்டும் என்று தள்ளுவார், நானும் தள்ளவிட்டேன். இப்போது புரிகிறது. அவர் கத்தியைச் சோதித்துக்கொண்டிருக்கவில்லை, விரலைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். அந்த வீடியோவில் அந்த ஆளுக்குத் தட்டுகிறது, தனக்கும் ஒரு தடவையாவது தட்டாதா என்று பார்க்கிறார். நான் ஒரு கூறுகெட்டவள், அவர் விரல் சரியாக இருக்கிறது என்று பொய்ச் சான்றிதழ் கொடுத்துவிட்டேன். இனி அந்த விரலை நம்பிக்கொண்டு ஆட்டின் கழுத்தில் கத்தி வைப்பார், தன் கையில் படுமோ பிடித்திருக்கிறவன் கையில் படுமோ, அதன்பிறகு மண்டியில் அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்து தோலைத் தடவுவார்.

நீ என்ன செய்ய வேண்டும் என்றால், கோபப்படாமல், அம்மா சொன்னாள் என்று காட்டிக்கொள்ளாமல், பக்ரீத்துக்கு முன்னால் சர்க்கரை டாக்டரிடம் போகச் சொல்லிப் பேச வேண்டும். நீ சொன்னால் கேட்பார். நான் சொன்னால் என் பொய்யும் வெளியே வந்துவிடும். கத்தியைப் பற்றிக் கேட்கிற மாதிரி ஆரம்பித்து மெதுவாக

கல் சத்தம் நின்றுவிட்டது. இரு, பார்த்துவிட்டு வருகிறேன்.

சனிக்கிழமை

ஃபாரிஸ், மேலே விட்ட இடத்திலிருந்தே எழுதுகிறேன். முதலில் சொல்லிவிடுகிறேன், அத்தா நன்றாகப் பேசிக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், பதறாதே.

அன்றைக்கு நான் பின்கட்டுக்குப் போனபோது அவர் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதே இடம்தான், விரல் தடவுகிற இடம். கல் இருந்த சட்டியில் தண்ணீர் சிவப்பாக இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை, ஆடு ஏதாவது அடிபட்டதா என்றுதான் பார்த்தேன், ஆடு வாசலில் அல்லவா இருக்கிறது. பிறகுதான் அவர் கைலியைப் பார்த்தேன். நான் போட்ட சத்தத்தில் டீச்சர் சுவர் மேலே எட்டிப் பார்த்துவிட்டார்கள். இவர் என்னைப் பார்த்து, என்னடி, பாம்பா என்று கேட்கிறார். கட்டைவிரல் பக்கவாட்டில் வாய் பிளந்த மாதிரி வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டுகிறது, அதே விரலால் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், ஈரமாக இருப்பது கல்லுத் தண்ணீர் என்று நினைத்திருக்கிறார். நான் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். அடுத்தவர் விரலைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார். அப்புறம் சின்னக் குரலில், வலிக்கலையே நர்கீஸ் என்றார். என் பேர் சொல்லி அவர் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது. ஒரு வாயில்லா ஜீவனுக்கு வலிக்கக் கூடாது என்று ஒரு வாரமாகக் குனிந்து உட்கார்ந்து பாடுபட்ட மனுஷனுக்குத் தன் விரல் வெட்டுப்பட்டது வலிக்கவில்லை. நான் முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டே அழுதேன். அழுகையோடு அழுகையாக, அன்னைக்குத் தட்டுச்சுங்க, நான் பொய் சொன்னேன் என்று கொட்டிவிட்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். தெரியும்டி என்றார். உன் வெரலு போயிக்கிட்டே இருந்தது பிசிறு வந்த எடத்துல நின்னுச்சு, அப்புறம்தான் வாய் தட்டலைன்னு சொல்லுச்சு, எவன் வெரலு எங்க நிக்குதுன்னு பாக்கறதுதானே என் பொழப்பு என்றார். அப்படியென்றால் பின்னே எதற்கு அல் அமீனுக்குப் போன் போட்டீர்கள் என்று கேட்டேன். ஒரு நாளாச்சும் என் கை சரியா இருக்குன்னு இருந்துக்கறேனேன்னுதான் என்றார்.

டீச்சர்தான் ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்கள். விரலில் தையல் போட்டார்கள். ஊசி போட வேண்டாம், அப்படியே தைங்க, எனக்குத் தெரியாது என்று நர்ஸிடம் சொல்லிச் சிரிக்கிறார், எனக்கு எரிகிறது. பிறகு சர்க்கரை டாக்டரம்மா பார்த்தார்கள். நைலான் நூல் மாதிரி ஒன்றை வைத்து உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, தெரியுதா தெரியுதா என்று கேட்டார்கள், இவர் கண்ணை மூடிக்கொண்டு, தொட்டீங்களாம்மா என்று திருப்பிக் கேட்டார். இடது குதிகால் பக்கத்தில் ஒரு கொப்புளம் உடைந்து புண்ணாகிக் கிடக்கிறது, வெயிலில் செருப்பில்லாமல் பள்ளி முற்றத்தில் நடந்ததில் வந்ததாக இருக்கும். அது எத்தனை நாளாக இருக்கிறதோ அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டாக்டரம்மா என்னைத் திட்டினார்கள், திட்டட்டும். நரம்பில் போனது திரும்பி வருமா என்று சொல்ல முடியாதாம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இருப்பதைக் காப்பாற்றலாமாம், இந்தக் காலை இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார்கள். தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். அன்று முதல் இஷா தொழுது வந்ததும் அவர் காலை என் மடியில் வைத்துப் பார்க்கிறேன். கூச்சப்படுகிறார், இழுத்துக்கொள்கிறார், ஊருக்கே தரம் பிரிச்சவனை நீ தரம் பிரிக்கிறியா என்கிறார். சும்மா இருங்க என்று அதட்டிவிட்டுப் பார்க்கிறேன். புண் வாடுகிற மாதிரிதான் இருக்கிறது, ஆனாலும் விளக்கைக் கிட்டத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறுகிறது.

கத்தியை அப்படியே விட்டுவிடுங்கள் என்றேன், முடியாது என்றார். ஆட்ட நேந்தாச்சு, மொண்ணைக் கத்தி வைக்க மாட்டேன் என்றார். வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து இரண்டு பேரும் பார்த்தோம். நாங்கள் எப்போதும் அந்த விரல் தடவுகிற இடத்திலேயே நின்றுவிட்டோம், அதற்குப் பின்னால் அவன் இன்னொன்று காட்டுகிறான் ஃபாரிஸ். பஞ்சைக் கொஞ்சம் எடுத்து ஓரத்தில் லேசாக இழுக்கிறான், பிசிறு இருக்கிற இடத்தில் பஞ்சு மாட்டி நிற்கிறது. விரலே வேண்டாம், கண் போதும். அத்தா போனை நிறுத்திவிட்டு அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் கட்டு இருப்பதால் நான்தான் மணையில் உட்கார்ந்து இழுத்தேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாய்க்காதே, தூக்காதே, அவசரப்படாதே என்று உயிரை வாங்கினார். மை பூசிப் பார்த்து, பஞ்சு இழுத்துப் பார்த்து, திருப்பிப் போட்டு, கடைசியில் பேப்பரைப் பிடித்தால் சத்தமே இல்லாமல் இறங்குகிறது. ஆடு வழக்கம் போல டீச்சர் வீட்டில்தான், இப்போது மல்லிகைக்கு வந்திருக்கிறது.

அல் அமீனை அவரே கூப்பிட்டுச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தம்பி, என் கைய நம்பாதே, மூட்டு வலின்னது பொய்யி, வெரலு செத்துப் போச்சு என்றார். அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை அழுதுவிட்டான் போல, இவர், ஏலே, நானே அழுகல என்று அதட்டினார். பக்ரீத் அன்று தொழுகை முடிந்து நம் ஆட்டை அல் அமீன்தான் வந்து அறுக்கிறான், அத்தா பக்கத்தில் நின்று பிஸ்மி சொல்வார். மண்டியைப் பற்றி இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. வாங்க மாமு, சும்மா வந்து உக்காருங்க என்கிறான். சும்மா உட்காருகிற மனுஷனா இவர், அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது, நீயும் யோசித்துச் சொல்லு.

உன் உடம்பைப் பார். உன் அத்தாவுக்கும் உன் வயசைத் தாண்டின கொஞ்ச நாளில்தான் சர்க்கரை ஆரம்பித்தது, அவர் அத்தாவுக்கும் இருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல், தள்ளாதே, தள்ளுகிற புத்தி இந்த வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. போனில் பேசும்போது அத்தாவிடம் நல்லாருக்கீங்களா என்று கேட்காதே, நல்லாருக்கேன் என்றுதான் சொல்வார். காலைக் காட்டுங்கள் அத்தா என்று கேள், என்னிடம் காட்டுகிறவர் உன்னிடம் முரண்டு பிடிப்பார், விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், சுகமான உடம்பையும், தொட்டது துலங்குகிற கையையும் தரட்டும். அடுத்த பக்ரீத்துக்காவது உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட எனக்கு நஸீபாகட்டும்.

டீச்சர் போனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. நேற்று ராத்திரி அரிசி டிரம்மைத் திறந்தபோது நான் அதில் ஒளித்து வைத்திருந்த இந்தத் தாள்கள் அத்தா கையில் சிக்கிவிட்டன, கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து படித்தார். பாம்புக் காது என்று எழுதியதை அடிக்கச் சொன்னார், நான் அடிக்கவில்லை. இப்போது அவரே எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புகிறார், கட்டுப் போட்ட விரலை வைத்து அழுத்தினால் போன் கேட்கவில்லை, இடது கையால் மெதுவாகப் பார்த்துப் பார்த்து அழுத்துகிறார். வேறு கல் வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, வாங்காவிட்டால் வாங்காதே. உனக்கு ஒரு வரி எழுதச் சொல்கிறார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: கல்லு நல்ல கல்லுதாம்ப்பா.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா நர்கீஸ்